பனிக்கு ஆகாத பனியன்!

பனியனைப் பற்றி ரெண்டு பக்கம் எழுத என்ன இருக்கிறது என்று சிரிப்பவர்கள், சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்!

நான் திருப்பூர்க்காரி. எங்க ஊரில் பனியன் என்பது உள்ளாடை இல்லை பாஸ்... சோறு! தைப்பது டி-ஷர்ட்டாக இருக்கட்டும், ஜட்டியாக இருக்கட்டும், பிறந்த குழந்தைக்குப் போடும் ஜப்லாவாக இருக்கட்டும்... தைக்கிற இடத்துக்குப் பேர் 'பனியன் கம்பெனி'தான். அப்பா அப்படி ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை ரெண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு தேய்ப்பு தேய்ப்பார். "நூத்தி அறுவது ஜி.எஸ்.எம்." என்பார். தராசில் போட்டுப் பார்த்தால் நாலைந்து முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் இப்போது அமெரிக்காவில், மின்னியாபொலிஸ் நகரத்தில் எம்.எஸ். படிக்கிறேன். ஜனவரி மாசம் இங்கே விடியற்காலைக் குளிர் சராசரியாக மைனஸ் 13 டிகிரி செல்சியஸ். கவனிக்க... சராசரி! 2019 ஜனவரி 30-ம் தேதி மைனஸ் 33 வரை இறங்கி, யுனிவர்சிட்டியே வகுப்புகளை ரத்து செய்துவிட்டது என்று சீனியர்கள் இன்னமும் கதை சொல்கிறார்கள். மிசிசிப்பி ஆறு தெரியுமில்லையா, ஜியாகரஃபி புக்கில் நீலக்கோடாகப் போட்டிருப்பார்களே... அது எங்க கேம்பஸுக்கு நடுவில்தான் ஓடுகிறது. சில வாரங்களில் ஓடாமல் உறைந்து நிற்கும். நான்தான் அதன் கரையில் ஓடிக்கொண்டிருப்பேன்.

ஏன் இந்த வேண்டாத வேலை? டிசம்பரில் இங்கே சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். லேப்பை விட்டு வெளியே வந்தால் ராத்திரி மாதிரி இருக்கும். ரூமுக்குப் போய் ரைஸ் குக்கரை ஆன் பண்ணிவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால்... அடுத்து பேச்சுக்கு ஆள் கிடைப்பது மறுநாள் லேப்பில்தான். போன வருடம் வந்ததில் ரெண்டு பேர் இந்த இருட்டு தாங்காமல் பாதியில் டிக்கெட் போட்டுவிட்டார்கள். எனக்கு ப்ளஸ் டூ காலத்திலிருந்து பழகிய ஒரே வைத்தியம் ஓட்டம். அதை நாலு மாசம் மூட்டை கட்டி வைத்தால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஓடுவதா வேண்டாமா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. என்ன போட்டுக்கொண்டு ஓடுவது என்பதில்தான் வந்தது வினை.

ஏனென்றால், என் பெட்டியில் அப்பா ரெண்டு டஜன் பனியன் வைத்து அனுப்பியிருந்தார். சுத்தப் பருத்தி. அவரே வெட்டியது. "குளுருக்கு அடியில ரெண்டா போட்டுக்க அம்மிணி, மேல என்ன வேணும்னாலும் போட்டுக்க" என்று சொல்லி அனுப்பிய பனியன்கள்.

இங்கே ஓடுகிறவர்கள் கூட்டத்தில் நான் முதலில் கேட்ட பாடமே, 'காட்டன் ஆளைக் கொல்லும்' என்பதுதான். மலையேறுகிறவர்கள், ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் அது மந்திரம் மாதிரி. கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பின்னே? எங்க வீட்டு அரிசி பருப்பு அத்தனையும் காட்டன் போட்டது!

லேப் சீனியர் ஒருத்தர் இதை நம்பவில்லை. பருத்தி பனியன், அதுக்கு மேல் பருத்தி ஹூடி சகிதம் ஒரு காலையில் ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தார். போகும்போது பிரமாதமாகத்தான் இருந்ததாம். திரும்பும்போது பாலத்தில் காற்று பிடித்துக்கொண்டது. ரூமுக்குள் வந்தபோது ஹூடியின் முன்கை பொரித்த அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. தட்டினால் சத்தம் வந்தது. உள்ளே இருந்த பனியன் சொதசொதவென்று வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது. சட்டை பட்டனைக் கழற்ற விரல் வராமல் பத்து நிமிஷம் ஹீட்டர் பக்கத்தில் நின்றார் மனுஷன். இப்போது அவர்தான் ஜூனியர்களுக்கு அந்த மந்திரத்தை ஓதுகிறார்.

விஷயம் சிம்பிள். ஓடும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அதனால் மைனஸ் பத்திலும் வியர்க்கும். நம்புங்கள், நன்றாகவே வியர்க்கும். பருத்தி இழை அந்த வியர்வையைத் தனக்குள்ளேயே குடித்து உப்பிக்கொள்ளும், லேசில் விடாது. சித்திரை வெயிலில் இது வரம். பனியன் ஈரமாகி, காற்று பட்டு, ஜில்லென்று இருக்கும். அதே ஜில் மைனஸ் பத்தில் என்ன ஆகும்? துணியின் சின்னச் சின்ன இடைவெளிகளில் அடைபட்டிருக்கும் காற்றுதான் நம்மைக் கதகதப்பாக வைப்பது. அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது கதை. அசையாத காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் தண்ணீர். ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பு ஈடு கொடுக்கும். கால் சுளுக்கி, சிக்னலில் மாட்டி, வழி தவறி... ஏதோ ஒரு காரணத்தால் நடக்க ஆரம்பித்தீர்களோ, மாட்டிக்கொண்டீர்கள்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2021 மே 22-ம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் பந்தயம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். நடுவழியில் திடீரென்று ஆலங்கட்டி மழை, உறைய வைக்கும் மழை, சூறைக்காற்று. பலர் அரை டிராயரும் மெல்லிய சட்டையுமாக இருந்தார்கள். 21 பேர் குளிரிலேயே இறந்துபோனார்கள். அதில் லியாங் ஜிங் என்ற நாடறிந்த சாம்பியனும் ஒருவர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஜூ கேமிங் என்பவர் தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுபோய், நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். இத்தனைக்கும் அது குளிர்காலம்கூட இல்லை. அவர்களில் யாரும் ஓடத் தெரியாதவர்களும் இல்லை. ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடம்பு எவ்வளவு சீக்கிரம் தோற்கும் என்பதற்கு இதைவிட எனக்கு உதாரணம் வேண்டியதில்லை. உள்ளே போடுவது எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், காற்றைத் தடுக்க மேலே ஒரு மெல்லிய ஜாக்கெட் இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை என்பதும் அதில் அடக்கம்.

சரி, பருத்தி வேண்டாம். அப்புறம் எது? இங்கேதான் கடைக்காரர்கள் நம் பர்ஸைக் குறி வைக்கிறார்கள். தோலை ஒட்டிப் போடுகிற அந்த முதல் துணிக்கு இங்கே 'பேஸ் லேயர்' என்று பேர். நம்ம பாஷையில் பனியன்தான், முழுக்கை வைத்த பனியன். பாலியெஸ்டர் என்றால் 20, 30 டாலருக்கு முடிந்துவிடும். மெரினோ ஆட்டு ரோமத்தில் செய்தது என்றால் 80, 100 என்று கூசாமல் விலை சொல்கிறார்கள். கேம்பஸ் வேலையில் மணிக்கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை. கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முதல் கேள்வியே அதுதான்.

"அம்மிணி, நம்ம பனியன் போட்டுக்கறயா?"

"ரூம்ல போட்டுக்கறனுங்ப்பா. ஓடறதுக்கு மட்டும் இங்க காட்டன் ஆகாதுங்கறாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்பா முகம் அசைந்துகொண்டுதான் இருந்தது. முப்பது வருடமாக வெட்டுகிற துணி அது. அதை ஆகாது என்று பெற்ற பெண்ணே சொல்கிறாள். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் தேவலை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆகாதுன்னா எப்புடி ஆகாது? வெவரமாச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அப்பளம் கதையையும் சேர்த்துத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அது செரிதான் சாமி. காட்டன் ஈரத்தக் குடிக்கும். சாயத்தக் குடிக்கிறதும் அதனாலதான? நூறு கிலோ பருத்தியில எட்டு கிலோ சும்மாவே ஈரந்தான். பாலியெஸ்டர்ல அரைக் கிலோகூட இருக்காது."

அட! நான் நெட்டில் தேடிக் கண்டுபிடித்த கணக்கும் அதேதான். சாதாரண ஈரக்காற்றில் பருத்தி தன் எடையில் 8.5 சதவிகிதம் ஈரம் வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4 சதவிகிதம். வியர்வை பாலியெஸ்டர் இழைக்குள் புக முடியாததால், இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் திரி எண்ணெய் இழுப்பது மாதிரி ஏறி வெளிப்பக்கத்துக்கு வந்து காய்ந்துவிடும். இதற்கு ஒரே நிபந்தனை, துணி தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். 'அண்ணன் போட்டது, தொளதொளன்னு வசதியா இருக்கு' என்பதெல்லாம் இங்கே செல்லாது. இறுக்கிப் பிடிக்கக் கூடாது, ஆனால் ஒட்டி நிற்க வேண்டும்.

கம்பளி சமாச்சாரம் வேறு. அது பருத்தியைவிட அதிகமாக, 16 சதவிகிதம்வரை ஈரம் வைத்திருக்கும். அப்புறம் எப்படிக் குளிருக்கு ஆகும்? எனக்கும் அங்கேதான் இடித்தது. விஷயம் என்னவென்றால், ரோமத்தின் மேல்தோல் தண்ணீரை ஒட்ட விடாது, உள்பக்கம் ஆவியை மட்டும் இழுத்துக்கொள்ளும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரம் ஏறும்வரை தொட்டால் ஈரமாகவே தெரியாது. இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தை வேறு வெளியே விடும். நனைந்தாலும் இழை சுருண்டு நிற்பதால் நடுவில் காற்று தங்கும். ஊட்டியில் வாங்கின ஸ்வெட்டர் மாதிரி அரிக்குமே என்று பயப்படாதீர்கள். குத்துவது 30 மைக்ரானுக்கு மேல் தடித்த ரோமம்தான். மெரினோ 20 மைக்ரானுக்கும் கீழே.

என் தீர்ப்பு? தினமும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறவர்களுக்குப் பாலியெஸ்டர் தாராளமாகப் போதும். நாற்றம்தான் அதன் ஒரே வில்லன். வியர்வையின் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொண்டு நாலாவது நாள் ரூம்மேட்டை வெளிநடப்பு செய்ய வைத்துவிடும்! மெரினோ அந்த விஷயத்தில் உத்தமன். வாரம் ஒரு தடவை லாண்ட்ரிக்குக் காசு போடுகிறவர்கள் கணக்குப் பார்த்தால் மெரினோ அவ்வளவு மோசமில்லை. ஆனால் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறவர்கள், ஆள் அரவமில்லாத பாதையில் நீண்ட தூரம் போகிறவர்கள், மைனஸ் பத்துக்குக் கீழே இறங்கும் நாட்கள்... இதற்கெல்லாம் மெரினோ பக்கம்தான் என் ஓட்டு.

அந்த ஒரு மெரினோவுக்குத்தான் அப்பாவின் மூளை பயன்பட்டது. கேம்பஸுக்குப் பக்கத்தில் பழைய துணி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கறுப்பு முழுக்கை கிடைத்தது, ஏழு டாலர். லேபிள் தேய்ந்துபோய் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரம்மா மெரினோ என்கிறார். வாங்கி வந்து அப்பாவுக்குக் காட்டினேன்.

"கொளுத்திப் பாரு" என்றார்.

"சட்டையவாங்ப்பா?"

"நூல அம்மிணி! உள்பக்கம் அடி மடிப்புல துணியில இருந்து ஒரு இழை உருவு. தையல் நூல உருவீராத, அது எப்பவும் பாலியெஸ்டராத்தான் இருக்கும், ஏமாந்துருவ."

இது எந்தக் கடையிலும் சொல்லித் தர மாட்டார்கள், குறித்துக்கொள்ளுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, மெத்தென்ற சாம்பல். பாலியெஸ்டர் என்றால் சுருங்கி உருகிக் கறுப்பு மணி மாதிரி கெட்டியாகிவிடும். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். ஸிங்க்குக்கு மேலே இடுக்கியால் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். உருகின பாலியெஸ்டர் கையில் ஒட்டினால் உயிர் போகும். அமெரிக்காவில் இருந்தால் ஸ்மோக் அலாரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரூமில் அடிக்கவில்லை, ஜஸ்ட் மிஸ்! முடி நாற்றம்தான் வந்தது. அப்பா போனில் மோந்து பார்த்த மாதிரியே சிரித்தார்.

அப்புறம் சட்டையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டச் சொன்னார். தோள், அக்குள், பக்கவாட்டு எல்லாவற்றையும் கேமரா பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "ஃபிளாட்லாக்! செரி, வெச்சுக்க." ஓவர்லாக் தையல் உள்ளே வரப்பு மாதிரி புடைத்து நிற்கும். பத்துக் கிலோமீட்டர் ஓடினால் அக்குளில் தோல் உரிந்து, குளிக்கும்போது சோப்பு பட்டால் கண்ணீர் வரும். ஃபிளாட்லாக்கில் ரெண்டு துணியும் தட்டையாகப் படிந்திருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் தையலைப் பாருங்கள் என்பேன். தோழிகளுக்கு இன்னொன்று. மேலே என்னதான் மெரினோ போட்டாலும் தோலை முதலில் தொடுவது ஸ்போர்ட்ஸ் பிரா. அதில் பருத்தி லைனிங் இருந்தால் எல்லாம் வேஸ்ட். ஓடி முடித்து உள்ளே வந்ததும் ஷூவைக் கழற்றும் முன்னால் மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

பசங்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 1977-லேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில், குளிரில் ஜாகிங் போன ஒரு டாக்டர் தனக்கே நேர்ந்த அவஸ்தையைக் கடிதமாக எழுதியிருக்கிறார். எந்த இடம் விறைத்தது என்று இந்தப் பத்திரிகையில் எழுத எடிட்டர் விட மாட்டார். முன்பக்கம் காற்றுத் தடுப்பு வைத்த உள்ளாடை என்று ஒன்று தனியாகக் கிடைக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

அப்பாவுக்குப் பிடித்த கதை வேறு. 1933-ல் ஹென்ரிக் புரூன் என்ற நார்வே ராணுவ அதிகாரி, ஹெர்ரிங் மீன் பிடிக்கிற பழைய வலையை வெட்டி பனியனாகத் தைத்துப் போட்டுப் பார்த்தார். ஒரே ஓட்டை. ஆனால் அந்த ஓட்டைகளில் தங்குகிற காற்றுதான் கதகதப்பு, வியர்வையும் தடையில்லாமல் மேலே போய்விடும். இன்றுவரை நார்வேக்காரர்கள் வலை பனியன் போடுகிறார்கள். நம்ம ஊர் சினிமா காமெடியில் ஓட்டை பனியனைக் காட்டிச் சிரிக்கிறோமே... அதுதான்! இதைச் சொன்னதும் அப்பா, "பாத்தயா, மெஷின் ஊசி நாலு கழட்டி உட்டா நானே ஓட்டிக் குடுத்துருவனே" என்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் பழையபடி ஆனது.

எம்.எஸ்.ஸுக்கு விமானம் ஏறப் போகிறவர்களும், டெல்லி, மணாலி என்று வேலைக்குப் போகிறவர்களும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை டிகிரிக்கு எத்தனை அடுக்கு? வெளியே இருக்கும் குளிரோடு பத்து டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள், அந்தக் குளிரில் சும்மா நடக்கப் போனால் என்ன போடுவீர்களோ அதைப் போடுங்கள். வாசலை விட்டு இறங்கியதும் கொஞ்சம் நடுங்க வேண்டும். நடுங்கவில்லையென்றால் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், பத்தாவது நிமிஷம் உள்ளே குளமாகிவிடும். டெல்லி ஜனவரியின் ஏழெட்டு டிகிரிக்கு 150 ஜி.எஸ்.எம். முழுக்கை ஒன்றே போதும். பூஜ்யத்துக்குக் கீழே அதே பனியன், மேலே காற்றுக்கு மெல்லிய ஜாக்கெட். மைனஸ் பத்தைத் தாண்டினால் நான் 200-க்கு மாறிவிடுவேன், கழுத்து உயர்ந்தது, கட்டைவிரல் ஓட்டை வைத்தது. கையுறைக்கும் கைக்கும் நடுவே வெறும் தோல் தெரியக் கூடாது. காற்றோடு சேர்த்துக் கணக்கிடும் 'விண்ட் சில்' மைனஸ் 28-ஐத் தொட்டால் அரை மணி நேரத்தில் வெறும் தோல் உறைந்து புண்ணாகும் என்கிறது இங்கத்திய வானிலைத் துறை. அந்த மாதிரி நாட்களில் எந்த பனியனும் வேண்டாம். ஜிம்மில் டிரெட்மில் இருக்கிறது.

ரெண்டு டஜன் காட்டன் பனியன் என்ன ஆச்சு என்கிறீர்களா? ரூமுக்குள் ஹீட்டர் புண்ணியத்தில் 22 டிகிரி. ஓடி வந்து, குளித்து, காய்ந்த பிறகு அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். ரூம்மேட்டும் ரெண்டு சுட்டுவிட்டாள். அந்த ஏழு டாலர் மெரினோவில் இந்த மார்ச்சில் முழங்கைப் பக்கம் நூல் விட்டு ஓட்டை விழுந்துவிட்டது. ஊருக்கு வரும் முன்னால் தூக்கிப் போடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"போட்டுறாத, போட்டுறாத. வர்றப்ப பெட்டியில வெச்சு எடுத்துட்டு வா. பிரிச்சுப் பாக்கோணும்."

"ஓட்டையா இருக்குதுங்ப்பா."

"இருந்துட்டுப் போவுது. பிரிக்கறதுக்குத்தான கேக்கறேன்."